வானிலையும் விலையும்

பிறரிடம் கூலி பெறாது, தம் விருப்பத்தின் பொருட்டோ அலுவலின் பொருட்டோ சிறு விமானம் ஓட்டும் ஒருவர், தாம் செல்லவிருக்கும் வழிக்கும் நேரத்துக்கும் என்றே தனியாகக் கூறப்படும் வானிலை எதிர்வுகூறலுக்கு விலை கொடுத்தல் வேண்டுமா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல்லாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வரும் இக்கேள்வி நம் வாசகருட் சிலருக்கு அற்பமானதாகத் தோன்றலாம். பஸ் வண்டிக்குக் கால்கடுக்கக் காத்து நிற்கும் நாம், விமானம் ஓட்டுவோரின் செலவுக் கணக்கைப் பற்றி ஏன் கவலைப்படுதல் வேண்டும் என்று கேட்போரும் உளர். முற்போக்கு நோக்குடைய நண்பர்களிடம் கேட்டால் அனேகமாக ஒரே விடைதான் கிடைக்கும்: செல்வன் விளையாடுகிறான், விளையாட்டின் செலவை அவனே ஏற்கட்டும். நியாயமான கோபத்திற் பிறந்த விடை இது. எனினும் அறிவு யாருக்குச் சொந்தம், ஆபத்தைப் பற்றிக் கேட்பதற்கு விலை வைக்கலாமா என்னும் பெரிய கேள்விகள் இச்சிறிய கேள்வியினுள் மறைந்து கிடக்கின்றன. அவற்றை எட்டிப் பார்க்காது விடை கூறுவது நம்மைப் போன்றோர்க்கு அழகன்று.

முதலில் இந்தத் தனியார் விமானி யார் என்று பார்ப்போம். ஜெற் விமானம் வைத்திருக்கும் கோடீசுவரனை இங்கு மறந்துவிடலாம். அவனுக்குச் சம்பளத்துக்கு விமானி உண்டு; அவ்விமானிக்கு வானிலை கூறத் தனி நிறுவனமும் உண்டு. நாம் பேசுவது ஒற்றை எஞ்சின் பூட்டிய சிறு விமானத்தை ஓட்டுவோரைப் பற்றி. பிரித்தானியாவில் ஒரு விமானத்தைப் பலர் பங்கிட்டு வாங்கி முறைவைத்துப் பறக்கும் குழுக்கள் ஏராளம். அமெரிக்காவில் 1960களிலும் 1970களிலும் செய்யப்பட்ட செஸ்னா விமானங்கள் இன்றும் கைமாறிக் கைமாறிப் பறக்கின்றன. அலாஸ்கா மாநிலத்திலோ ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஊர்களுக்கு நெடுஞ்சாலைத் தொடர்பே இல்லை. அங்கே சிறு விமானம் நமது மாட்டுவண்டியும் தட்டிவானும் போன்றது. ஆகவே ஒரு பகுதியினர் வசதி படைத்தோர், ஒரு பகுதியினர் ஆசைக்காகச் சேமித்துச் செலவழிப்போர், ஒரு பகுதியினர் வேறு வழியில்லாதோர். இம்மூவரையும் 'செல்வன்' என்ற ஒரே சாக்கிற் கட்டுவது ஆராய்ச்சி ஆகாது. ஆயினும் இவர்களுட் பெரும்பாலோர் உலகத்துப் பாட்டாளியைவிட நல்ல நிலையில் இருப்பவர்களே என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்து, விற்கப்படும் பொருள் யாது? எதிர்வுகூறல் என்ற ஒரே சொல்லால் நாம் இரு வேறு பொருள்களைக் குறிக்கின்றோம். ஒன்று, வளிமண்டலத்தின் நிலையைப் பற்றிய அறிவு. மற்றது, அவ்வறிவை ஒருவருடைய ஒரு பயணத்தோடு பொருத்திக் கூறும் உழைப்பு. இவ்விரண்டையும் குழப்புவதனாலேயே இவ்விவாதம் பெரும்பாலும் சேற்றில் இறங்கி நிற்கின்றது.

முதலாவதைப் பற்றிக் கூறுமிடத்து, மனித இனம் கூட்டாக உண்டாக்கும் பொருள்களுள் இதற்கு நிகரானது அரிது என்றே சொல்லல் வேண்டும். உலகெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்களிலிருந்து நாள்தோறும் இருவேளை ஒரே நேரத்தில் பலூன்கள் மேலே விடப்படுகின்றன. கப்பல்களும் மிதவைகளும் செய்மதிகளும் பயணி விமானங்களும் தாம் கண்டதை எண்களாக்கி அனுப்புகின்றன. நாளைய இலண்டன் மழையை அறிய இன்றைய அத்திலாந்திக்கை அறிதல் வேண்டும். ஒரு கிழமைக்குப் பிந்திய மழையை அறிய அரைப் பூகோளத்தையே அறிதல் வேண்டும். கொழும்பிலும் மன்னாரிலும் திருகோணமலையிலும் நம்மவர் குறிக்கும் வெப்பநிலையும் அமுக்கமும் அந்தப் பொதுக் களஞ்சியத்திற் போய்ச் சேருகின்றன. 1963 ஆம் ஆண்டில் உலக வானிலைக் கண்காணிப்பு என்னும் ஏற்பாடு தொடங்கப்பட்டபோது, அதன் உலக மையங்களாக வாஷிங்டனும் மொஸ்கோவும் மெல்பேணும் அமைந்தன. கியூபா நெருக்கடி முடிந்து ஓராண்டு கூட ஆகாத காலம் அது. ஒருவர்மீது மற்றவர் ஏவுகணைகளைக் குறிவைத்திருந்த இரு வல்லரசுகளும் காற்றின் கணக்கை மட்டும் ஒளிக்காது பரிமாறிக்கொண்டன. மனிதாபிமானம் பெருகி அவ்வாறு செய்தார்கள் என்று நாம் கொள்ளவில்லை. தனித்து வைத்திருந்தாற் பயன்படாத பொருளாய் வானிலை அறிவு இருந்தமையே காரணம். 1995 ஆம் ஆண்டில் உலக வளிமண்டலவியல் நிறுவனம் தன் 40 ஆம் தீர்மானத்தின் மூலம் இப்பரிமாற்றம் இலவசமாகவும் தடையின்றியும் நடைபெறல் வேண்டும் என்னும் நெறியை எழுத்தில் வகுத்தது. அவ்வாறு எழுதி வைக்கவேண்டிய தேவை அவ்வாண்டில் ஏற்பட்டதே, சந்தை அதற்குள் வாசலில் வந்து நின்றுவிட்டது என்பதற்குச் சான்று.

இனி இரண்டாவது பொருள். விமான நிலைய எதிர்வுகூறல் என்று பொதுவாக வெளியிடப்படுவது அந்நிலையத்தையும் அதனைச் சூழ்ந்த சில கிலோமீற்றரையும் மட்டுமே பற்றியது. இரு நிலையங்களுக்கும் இடையே ஒரு மலை இருக்கலாம். இருபுறமும் வானம் தெளிவாயிருக்க, அம்மலையின் கணவாயில் முகில் தரைதொட்டு நிற்கலாம். பெரிய பயணி விமானத்துக்கு இது பொருட்டன்று; அது முகிலுக்கு மேலே கருவிகளின் துணைகொண்டு செல்வது; அதன் வழியை ஆராய்ந்து கொடுக்கக் கம்பனி அலுவலகமும் உண்டு. கண்ணால் நிலத்தைப் பார்த்துப் பறக்கும் சிறு விமானிக்கோ அந்தக் கணவாயே உயிர். அவருக்கு வேண்டியது வரைபடம் மட்டுமன்று. 'நீர் பிற்பகல் நான்கு மணிக்கு அவ்விடத்தைக் கடக்கப் போகிறீர். அப்போது முகிலின் அடி மலையுச்சிக்குக் கீழே இறங்கியிருக்கும்' என்று கூறும் ஒரு மனிதக் குரல். தனிப்பட்ட எதிர்வுகூறல் யாருக்கு மிகவும் தேவையோ அவரே அதனை வாங்குவதற்கு மிகக் குறைந்த ஆற்றல் உடையவராய் இருக்கின்றார் என்பது இங்கு அவதானிக்கத்தக்கது.

முகிலுக்குள் நுழைதல் எத்துணை அபாயமானது என்பதைப் பறந்தறியாத நாம் எளிதில் உணரமாட்டோம். 1954 ஆம் ஆண்டில் இல்லினோய்ஸ் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை நடத்தினர். கருவிப் பறப்பிற் பயிற்சியில்லாத 20 பேரை, வெளியுலகம் கண்ணுக்குத் தெரியாதவாறு மறைத்து, விமானம் ஓட்டச் செய்தனர். விமானம் கட்டுப்பாட்டை இழக்கும் நிலையை அடைய எடுத்த நேரம் சராசரியாக 178 விநாடி. மூன்று நிமிடமும் இல்லை. உட்செவி பொய் சொல்லும். உடல் நேராக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்க, விமானம் சரிந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும். துணிவோ புத்தியோ இங்கு உதவாது. ஆகவே, இவ்விமானியைப் பொறுத்தவரை வானிலையை முன்னறிதல் என்பது பயணத்தை இனிதாக்கும் வசதிகளுள் ஒன்று என்று கருதுவது பொருந்தாது.

எதிர்வுகூறல் பொதுப் பணத்தில் தோன்றிய வரலாற்றையும் சற்று நோக்குவோம். டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவராயிருந்த ரொபேட் ஃபிட்ஸ்ரோய் 1854 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசாங்கத்தின் புதிய வளிமண்டலவியற் பிரிவுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். 1859 ஒக்டோபரில் ரோயல் சாட்டர் என்னும் கப்பல், ஆஸ்திரேலியப் பொன்வயல்களிலிருந்து திரும்பிய மக்களோடு, வேல்சு நாட்டு அங்கிள்சி கரையில் மோதி உடைந்தது; 450 க்கு மேற்பட்டோர் மாண்டனர். புயலின் வரவைத் தந்தி மூலம் முன்கூட்டி அறிவித்திருக்கலாம் என்று ஃபிட்ஸ்ரோய் கண்டார். 1861 பெப்ரவரியில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். அதே ஆண்டு ஓகஸ்டில் அவருடைய எதிர்வுகூறல் பத்திரிகையில் வெளியாயிற்று. அவர் 1865 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டில், அறிவியற் கனவான்கள் கூடிய குழு ஒன்று அவருடைய முறை போதிய விஞ்ஞான அடிப்படை அற்றது என்று கூறி எச்சரிக்கைகளை நிறுத்திவிட்டது. துறைமுகங்களிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. கடலிற் பிழைப்பு நடத்தியோர்க்கு விஞ்ஞானத் தூய்மையைவிட மரத்தில் ஏறும் எச்சரிக்கைச் சின்னம் பெரிதாயிருந்தது. 1867 இல் புயல் எச்சரிக்கை மீண்டும் வந்தது. எதிர்வுகூறல் அரசாங்கத்தின் கடமையாக நிலைபெற்றதில், அறிஞரின் பங்குக்குச் சற்றும் குறையாத பங்கு கரையோர மக்களுக்கு உண்டு என்பது நம் கருத்து.

அந்த எச்சரிக்கையின் வடிவத்தைக் கவனியுங்கள். துறைமுகத்துக் கொடிமரத்தில் கூம்பும் உருளையும் ஏற்றப்பட்டன. அதனைக் கப்பல் முதலாளியும் கண்டான், படகோட்டியும் கண்டான். காசு கொடுத்தவன் காணவும் கொடாதவன் காணாதிருக்கவும் அதனை மறைத்துத் தொங்கவிட இயலாது. ஆகவே அதற்கு விலை வைப்பது பற்றிய பேச்சே எழவில்லை. பின்னர் தொலைபேசி வந்தது, இணையம் வந்தது. கடவுச்சொல் இட்டாலன்றித் திறவாத கதவுகள் வந்தன. எதிர்வுகூறல் விற்பனைப் பண்டமாக மாறியமைக்கு அறத்திலோ மக்களின் தேவையிலோ ஏற்பட்ட மாற்றம் காரணமன்று. அதனை மறைத்து வைக்கும் கருவி கைக்கு வந்தது, அவ்வளவே. வேலி போடும் முறை கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே நிலம் தனியுடைமையாயிற்று என்று பொருளியல் வரலாற்றில் நாம் படிப்பது இங்கு நினைவுக்கு வருகின்றது.

வேலி போட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. 2005 ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலச் செனட்டர் ரிக் சான்டோரம் அமெரிக்கச் செனட் சபையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். தனியார் நிறுவனங்கள் வழங்கும் அல்லது வழங்கக்கூடிய வானிலைச் சேவை எதனையும், உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான நிலைமைகள் பற்றிய எச்சரிக்கைகள் நீங்கலாக, அரசாங்கத்தின் தேசிய வானிலைச் சேவை வழங்கலாகாது என்பது அதன் சாரம். அக்யுவெதர் என்னும் தனியார் வானிலை நிறுவனத்தின் தலைமையகம் அதே மாநிலத்திலேதான் உள்ளது. பொதுமக்களின் வரிப்பணத்தில் திரட்டப்பட்ட எண்களைக் கம்பனிகள் இலவசமாகப் பெறலாம். அம்மக்களோ அதனைக் கம்பனியிடம் காசுக்கு வாங்குதல் வேண்டும்! மசோதா நிறைவேறவில்லை. ஆயின் ஜேர்மனியில் வேறு விதமாக முடிந்தது. அந்நாட்டு அரசாங்க வானிலைச் சேவை தன் செல்லிடப்பேசிச் செயலியில் முழு வானிலையையும் இலவசமாகக் கொடுத்து வந்தது. வெற்றர்ஒன்லைன் என்னும் தனியார் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2020 மார்ச்சில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், எச்சரிக்கைகளை இலவசமாகக் கொடுக்கலாம், பொதுவான வானிலையை அவ்வாறு கொடுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. முழுச் செயலிக்கு 1.99 யூரோ விலை. தொகை சிறிது. தன் குடிமகனுக்கு நாளை மழை வருமா என்று இலவசமாகக் கூறியமைக்காக ஓர் அரசாங்க நிறுவனம் குற்றவாளிக் கூண்டில் நின்றது என்பது சிறிதன்று.

ஜேர்மனியிலே தனியார் விமானிகளிடம் விமான வானிலைத் தளத்துக்கு ஆண்டுச் சந்தாவும், எதிர்வுகூறுநரோடு நேரிற் பேசுவதற்கு நிமிடக் கணக்கிலான தொலைபேசிக் கட்டணமும் நெடுங்காலமாக அறவிடப்பட்டு வந்துள்ளன. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே எவ்விமானியும் இலவசத் தொலைபேசி இலக்கம் ஒன்றை அழைத்துத் தம் பயணத்துக்குரிய விளக்கத்தைக் கேட்கலாம். எனினும் அங்கும் விமானிகள் பலர் இன்று ஃபோர்ஃபிளைற் போன்ற சந்தாச் செயலிகளையே நாடுகின்றனர். அச்செயலியை 2019 இல் போயிங் வாங்கியது. 2025 இல் அதனை வேறு சில பிரிவுகளோடு சேர்த்து ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க உடன்பட்டது. அதிற் காட்டப்படும் வானிலையின் மூலப்பொருள் மட்டும் பழையபடி பொதுமக்களுடையது.

இனி நம்மை நோக்கி வரும் வலுவான மறுப்பை எதிர்கொள்வோம். அறிவு பொதுவாயிருக்கட்டும், அதனை ஒருவனுக்கென்று எடுத்துரைக்கும் உழைப்பு பொதுவன்றே! பயிற்சி பெற்ற எதிர்வுகூறுநர் ஒருவர் பதினைந்து நிமிடம் ஒருவனுடைய ஞாயிற்றுக்கிழமை உலாவுக்காகச் செலவிட்டால், அந்தப் பதினைந்து நிமிடத்தின் கூலியை விமானத்தில் ஏறியே அறியாத நெசவாலைத் தொழிலாளி ஏன் வரியாகக் கொடுத்தல் வேண்டும்? இம்மறுப்பை நாம் முழுமனத்தோடு ஏற்கின்றோம். உழைப்புக்குக் கூலி உண்டு. அக்கூலியைப் பயன் பெறுவோர் கூட்டமே ஏற்றல் வேண்டும். வசதி படைத்தோரின் செலவை ஏழையின் தலையிற் போடும் இலவசம் பெயரில் மட்டுமே இலவசம்.

ஆனால் அறவிடும் இடம் எது என்பதிலேதான் விடயம் முழுவதும் இருக்கின்றது. விமானத்தின்மீது அறவிடலாம், எரிபொருளின்மீது அறவிடலாம், அனுமதிப்பத்திரத்தின்மீது அறவிடலாம். அல்லது கேள்வியின்மீது அறவிடலாம். முதல் மூன்றும் ஒருவகை. கடைசி வேறு வகை. அமெரிக்காவில் சிறு விமானங்களுக்குரிய பெற்றோலில் கலன் ஒன்றுக்கு 19.4 சதம் கூட்டாட்சி வரி. அப்பணம் ஏறத்தாழ முழுவதும் வான்வழிகளைப் பேணும் பொது நிதியிற் சேர்கின்றது. அதிகம் பறப்பவர் அதிகம் கொடுக்கின்றார். ஆனால் வானிலை கேட்பவரும் கேளாதவரும் ஒரே அளவு கொடுக்கின்றனர். ஐரோப்பாவில் இரண்டு தொன்னுக்குக் குறைந்த விமானங்களுக்கு வழிக்கட்டணம் இல்லை, அது சலுகையே. மறுபுறத்தில், 2003 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய எரிபொருள் வரிச் சட்டம் வர்த்தக விமானங்களின் எரிபொருளுக்கு விலக்களித்து, உல்லாசமாகப் பறக்கும் தனியாருக்கு மட்டும் அவ்விலக்கை மறுத்தது. பெருங் கம்பனிகளுக்கு வரி இல்லை, பங்கு விமானத்திற் பறக்கும் பள்ளி ஆசிரியருக்கு வரி உண்டு! செல்வன் கொடுக்கட்டும் என்று கோபிக்கும் நண்பர்கள் தம் கோபத்தை இந்தப் பக்கமும் சற்றுத் திருப்புவார்களாக.

கேள்வியின்மீது விலை வைப்பதை நாம் ஏன் எதிர்க்கின்றோம்? விலை என்பது தொகை மட்டுமன்று; ஒரு தயக்கமும் ஆகும். பறப்பதென்று மனத்துள் முடிவு செய்துவிட்ட ஒருவர் களத்தில் நிற்கின்றார். வானம் தலைக்கு மேலே நீலமாக இருக்கின்றது. கேட்டால் 'போக வேண்டாம்' என்ற விடை வரலாம் என்று அவருக்கு உள்ளூரத் தெரியும். கேளாதிருக்க மனம் ஏற்கெனவே காரணம் தேடுகின்றது. அவ்வேளையில் அவர் கையில் 'இதற்குக் காசு வேறு கொடுக்க வேண்டுமா?' என்ற காரணத்தை நாம் ஏன் எடுத்துக் கொடுத்தல் வேண்டும்? பறப்புக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அக்காசு ஒன்றுமில்லை என்று கணக்குக் காட்டுவோர் மனிதனை அறியாதோர். ஆயிரம் செலவிட்டுக் கலியாணம் செய்பவன் பத்துச் சதக் கற்பூரத்துக்குப் பேரம் பேசுவதை நாம் கண்டதில்லையா? மேலும், கேளாமையின் விலையை அவர் ஒருவரே கொடுப்பதில்லை. பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் கொடுக்கின்றார். மலையில் ஏறித் தேடும் மீட்புக் குழுவினர் கொடுக்கின்றனர். அவர்களுள் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலையில் இருந்ததில்லை.

1999 யூலை 16 ஆம் தேதி இரவு, கொலையுண்ட ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜோன் தம் மனைவியோடும் மனைவியின் சகோதரியோடும் சிறு விமானத்திற் புறப்பட்டு, மார்த்தாஸ் வின்யாட் தீவருகே கடலில் வீழ்ந்து மாண்டார். இருளும் புகைமூட்டமும் கலந்த கடல்மேல், திசையுணர்வை இழந்தமையே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. புறப்படுமுன் அவருடைய அடையாளக் குறியைப் பயன்படுத்தி ஒரு தனியார் நிறுவனத்தின் தளத்திலிருந்து வழி வானிலை பெறப்பட்டிருந்தது. அதில் அச்சமூட்டும் செய்தி இல்லை. அரசாங்க வானிலைச் சேவையின் பிரதேச எதிர்வுகூறலை அவர் பார்க்கவில்லை என்றும் அறிக்கை கூறுகின்றது. பார்த்திருந்தாற் பிழைத்திருப்பார் என்று நாம் கூறத் துணியோம். காசுக்குக் குறைவில்லாத ஒருவருக்குக் கூட, திரையில் தோன்றிய எண்கள் ஒரு மனிதக் குரலின் வேலையைச் செய்யவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இதன் மறுபக்கம் 1959 பெப்ரவரி 3 ஆம் தேதி அயோவா மாநிலத்தில் நிகழ்ந்தது. பாடகர் படி ஹொலியையும் வேறிரு பாடகரையும் தலைக்கு 36 டொலர் கூலிக்கு ஏற்றிச் சென்ற சிறு விமானம் பனிக்காற்றில் வீழ்ந்தது. கூலிக்குப் பறந்த விமானமாதலால் அது நம் கேள்விக்குள் நேராக அடங்காது. எனினும் அதன் பாடம் அடங்கும். இருபத்தொரு வயதான அவ்விமானி வானிலையைக் கேளாமற் போகவில்லை; பல முறை கேட்டார். அவருடைய வழியைப் பாதிக்கும் விசேட எச்சரிக்கைகள் இரண்டு அப்போது வெளியாகியிருந்தன. அவற்றை எவரும் அவருக்குக் கூறவில்லை. வானிலை விளக்கத்திலிருந்த பாரிய குறைபாட்டை விசாரணைச் சபை விபத்துக்குத் துணைநின்ற காரணங்களுள் ஒன்றாகக் கண்டது. அறிவு இருந்தது, இலவசமாகவும் இருந்தது, அதனை அந்த ஒரு பயணத்தோடு இணைத்துப் பார்க்கும் உழைப்பு இருக்கவில்லை. ஆகவே, பொது அறிவை மட்டும் இலவசமாகக் கொட்டிவிட்டு, பொருத்திக் கூறும் உழைப்பை ஆடம்பரம் என்று ஒதுக்குவோரோடு நாம் உடன்படுவதற்கில்லை.

இலவசம் என்று பெயரிட்டுவிட்டால் விடயம் முடிந்துவிடும் என்றும் நாம் நினைத்தலாகாது. 2005 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம், அலாஸ்கா நீங்கலாக, விமானிகளுக்கு வானிலை விளக்கம் கூறும் தன் 58 நிலையங்களை லொக்ஹீட் மாட்டின் நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் கொடுத்தது. செலவு குறையும் என்றார்கள். நிலையங்கள் பல மூடப்பட்டு, வேலை சில மையங்களுக்குள் ஒடுக்கப்பட்டது. 2007 இல் விமானிகள் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. எதிர்முனையில் இருந்தவருக்குத் தம் பிரதேசத்து மலையும் ஆறும் தெரியவில்லை என்று முறையிட்டனர். ஒரு சதமும் அறவிடப்படவில்லை. ஆனால் காத்திருப்பும் ஒரு விலையே. அரசாங்க வைத்தியசாலையில் இலவச மருந்துக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்கும் நம் நாட்டாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

விற்பனை பற்றி இன்னொன்றும் சொல்லல் வேண்டும். அமெரிக்க நிலையத்தார் கண்ணாற் பறக்கும் விமானியிடம், நிலைமை தீயதாயின், 'கண்பார்வைப் பறப்பு உசிதமன்று' என்று கூறும் வழக்கம் உண்டு. முடிவு விமானியுடையதே, சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவது அவர் கடமை. அவ்வாறு கூறுவதால் அவருடைய சம்பளம் குறைவதில்லை. வாடிக்கையாளரைப் பிடித்துவைக்க வேண்டிய கம்பனியின் ஊழியர் இதனை எத்தனை முறை கூறுவார்? அவரும் நேர்மையானவராய் இருக்கலாம். மிகுந்த எச்சரிக்கை காட்டி, வழக்குக்கு அஞ்சி, எல்லா நாளும் ஆபத்து என்றே கூறுபவராயும் இருக்கலாம். அப்பொழுது எச்சரிக்கை தன் பொருளை இழந்துவிடும். இரண்டு பக்கத்துச் சாய்வும் வியாபார உறவினின்று பிறப்பனவே. மாணவனிடமே சம்பளம் வாங்கும் தனிப்பாட ஆசிரியர் அவனுடைய அறியாமையை முகத்துக்கு நேரே கூறுவது எவ்வளவு அரிது என்பதை எம் தொழிலில் இருப்போர் அறிவர்.

அப்படியாயின் விமானி விலை கொடுத்து வாங்கத் தக்கது ஒன்றுமே இல்லையா? உண்டு. எஞ்சின் இல்லாத மிதவை விமானத்தில் போட்டிக்குப் பறப்பவர், எந்த மேட்டின்மேல் எத்தனை மணிக்கு வெப்பக் காற்று வலுவாக எழும் என்று அறிய விரும்புகின்றார். அறிந்தால் வெற்றி பெறுவார். படம் பிடிக்கச் செல்பவர் ஒரு மாதத்தில் ஒளி மிகுந்த நாளைத் தெரிந்தெடுக்க விரும்புகின்றார். இவை உயிர் பற்றியன அல்ல; இலாபமும் இன்பமும் பற்றியன. அவற்றுக்கு விலை வைப்பதில் எமக்கு மறுப்பில்லை. நல்ல விலையே வைக்கலாம். கோடு எங்கே முடிகின்றது என்பது எப்பொழுதும் தெளிவாக இராது என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம். வெற்றி தரும் அதே வெப்பக் காற்றுத்தான் சற்று மிஞ்சினால் இடிமுகிலாகின்றது. முற்பாதியை விற்ற எதிர்வுகூறுநர் பிற்பாதியைக் கூறாது இருக்க முடியாது. கூறினால் அதற்குத் தனியாகக் கணக்கெழுதவும் முடியாது. அங்கே அவருடைய நல்லறிவை நம்புவதன்றி வேறு விதி வகுக்க எம்மால் இயலவில்லை.

அலாஸ்காவின் கணவாய்களில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் 1999 முதல் கமராக்களை நிறுத்தி வருகின்றது. இன்று அம்மாநிலத்தில் இருநூறுக்கு மேற்பட்ட இடங்களில் அவை உள்ளன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய படம் வரும். பக்கத்திலேயே தெளிவான நாளில் எடுத்த அதே இடத்துப் படமும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, எந்த மலை மறைந்திருக்கின்றது என்று எவரும் காணலாம். கடவுச்சொல் இல்லை, கட்டணம் இல்லை. தபாலும் மருந்தும் கொண்டுவரும் விமானத்துக்குக் காத்திருக்கும் கிராமத்தாரும் அதே படத்தையே பார்க்கின்றனர். விமானம் இன்று வருமா என்று அவர்களே தீர்மானித்துக்கொள்கின்றனர். படத்தைப் பார்த்தும் ஐயம் தீராத விமானி தொலைபேசியை எடுத்தால், மறுமுனையிற் பேசுபவர் இன்னும் அரசாங்க ஊழியரே. 2005 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அலாஸ்காவின் நிலையங்களைச் சேர்க்க எவரும் துணியவில்லை.